க்ரோஸில் கை நனைக்காத நாட்கள்

பிரான்ஸுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால், நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் தோசைக்கு நிற்கும் அத்தனை பேரும் ஈஃபில் கோபுரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் மாடு, கருங்கல், மழை, மூடிய கடைகள், சாப்பிட முடியாத சாப்பாடு. கடைசியாகச் சொன்னது சமையலின் குற்றம் அல்ல. அவ்வளவு அருமையான சாப்பாட்டை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் அதுவரை பட்டினி கிடந்ததில்லை.

காரணம் என் மகள் நிலா. அமெரிக்காவின் மறுகரையில், ஃப்ரீமான்ட்டில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பக்கத்தில் ஒரு தாடிக்காரப் பையனையும் உட்கார வைத்துக்கொண்டு, "இது லூக்கா. நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றாள். இந்தக் கட்டுரையில் நிலா பேசுவதெல்லாம் என் தமிழாக்கம். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான்.

பையன் பிரெஞ்சுக்காரன் என்றதும் என் மனைவி சாந்தாமணி பாரிஸ் என்று எடுத்துக்கொண்டாள். பையன் பணிவாகத் திருத்தினான். பாரிஸ் இல்லை, க்ரோஸ். நாட்டின் நட்டநடுவில் இருக்கும் மாவட்டம். அப்பா மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறார், அம்மாவும் அதைத்தான் பார்க்கிறார். நான் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். பச்சையாக இருந்தது. பெரிதாக்கினேன். இன்னும் பச்சையாக இருந்தது.

கால் முடிந்ததும் சாந்தா சொன்னாள்: "பையன் தங்கமாத்தான் இருக்கறான். நாளைக்கு அவங்கப்பனுக்கு முடியலீனா, 'எங்கூருக்கே போயர்லாம் வா'ன்னு இவளக் கூட்டிட்டுப் போயிட்டா? ஃப்ரீமான்ட்டே எனக்குத் தூரமுங்க. அந்தக் காட்டுல கொண்டுபோய் எம்புள்ளைய உட்டுட்டு நான் எப்படி இருப்பேன்?"

அவளுக்கு இருந்த ஒரே ஆட்சேபணை அதுதான். ஆனால் அது கருங்கல் மாதிரியான ஆட்சேபணை. நிலாவும் அம்மாவின் மகள்தான்: "அம்மா சரின்னு சொல்லாம நான் பண்ணிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன்." இரண்டு மாதம் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் சாந்தாவே இறங்கி வந்தாள். "வீடு பாக்காம பொண்ணு குடுக்கற வழக்கம் நமக்கில்ல. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

வீடு பார்ப்பது என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். சாந்தா காங்கேயம் பக்கத்துக்காரி. அங்கே பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் வீட்டைப் பார்ப்பார்கள், தோட்டத்தைப் பார்ப்பார்கள், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று எட்டிப் பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் கூடாது. சாப்பிட்டால் 'கை நனைத்தாயிற்று' என்று பெயர். கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது, அப்புறம் பின்வாங்கப் பேச்சில்லை. பிடிக்காத இடம் என்றால் "இன்னொரு நாள் சாப்பிடறோமுங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள்.

"நீங்களும் வாயக் கட்டோணும்" என்று விமானத்திலேயே எனக்கு உத்தரவு வந்துவிட்டது. "நீங்க நனைச்சாலும் நனைச்சதுதான்."

சாப்பாட்டையே மதமாக வைத்திருக்கும் நாட்டுக்கு இந்த விரதத்தோடு போய் இறங்கினோம்.

முதல் சோதனை சாப்பாட்டில் வரவில்லை, காரில் வந்தது. அமெரிக்காவில் இத்தனை வருடம் வலது காலை மட்டும் வைத்து வண்டி ஓட்டியவன் நான். வாடகைக் கார்க் கடையில் கியர் வண்டிதான் இருந்தது. க்ளச்சைக் கடைசியாக மிதித்தது ஈரோட்டில், மாமனாரின் அம்பாசடரில். சாந்தா கவலைப்படவில்லை. எதிர்க்கடையில் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு கார்க் கடைப் பெண் ஓடிவந்து, நாங்கள் தவறிப் போட்டுவிட்டோம் என்று நினைத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து திரும்ப வைத்து நசுக்கினோம்.

நசுக்கியும் பலனில்லை. முதல் ரவுண்டானாவிலேயே வண்டி இருமிவிட்டு நின்றது. பின்னால் நாலைந்து கார்கள் வரிசை கட்டின. நியூஜெர்சியாக இருந்தால் என் பரம்பரையையே ஹாரனில் விசாரித்திருப்பார்கள். இங்கே ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை, பொறுமையாகக் காத்திருந்தார்கள். அது இன்னும் அவமானமாக இருந்தது. சாந்தா ஜன்னலை இறக்கி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். ஒரு லாரி டிரைவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

அப்புறம் ஊர் என்று எதுவும் வரவில்லை. வேலி போட்ட புல்வெளி, வேலி முடிந்தால் காடு, காடு முடிந்தால் மறுபடி புல்வெளி. நடுவில் மழை. எப்போதாவது சாம்பல் நிறக் கல்வீடுகள் நாலைந்து தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. நியூஜெர்சியில் எங்கள் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், இருக்கும் ஜனத்தில் பாதிகூட இந்த மாவட்டம் முழுக்கக் கிடையாது. சாந்தா வெகு நேரம் வெளியே பார்த்துவிட்டு, "ஏனுங்க, மனுசங்கள எல்லாம் எங்க வெச்சிருக்கறாங்க?" என்று கேட்டாள். அதைக் கேட்ட குரலிலேயே கல்யாணம் பாதி நின்றுபோனது எனக்குத் தெரிந்தது.

பண்ணை வாசலில் நால்வர் நின்றார்கள். முதல் நாளே வந்துவிட்ட நிலா, லூக்கா, அப்பா பெர்னார், அம்மா சொலாஞ்ச். பெர்னார் கதவை நிறைக்கிற ஆகிருதி, குரல் மட்டும் ரகசியம் சொல்கிற மாதிரி. சொலாஞ்ச் ஒல்லி, நரைத்த தலையை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார், கண்ணை நேராகப் பார்த்துப் பேசுகிறவர். கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடுவது அங்கே வரவேற்பு. அவர் முன்னால் சாய, சாந்தா கும்பிட, கூப்பிய விரல்கள் அவர் மூக்கில் இடித்தன. சொலாஞ்ச் மூக்கைத் தேய்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். "நல்ல கெட்டியான கைன்னு சொல்றாங்க" என்றாள், லூக்காவிடம் பிரெஞ்சு கற்றிருந்த நிலா.

உள்ளே மேஜைமேல் இருந்ததை நான் இன்றைக்கும் கனவில் காண்கிறேன். அந்த மாவட்டத்துக்கே பேர் வாங்கிக்கொடுத்த ஒரு கேக், ஹேசல்நட் என்ற கொட்டையை அரைத்து வெண்ணெய் போட்டுச் செய்தது. பழைய மடம் ஒன்றில் கிடைத்த செய்முறை என்று கதை சொல்கிறார்கள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தார்கள். சொலாஞ்ச் கத்தியை வைத்ததும் வாசனை எழுந்து வந்து என் தோளைத் தொட்டது.

"தண்ணி மட்டும் போதுமுங்க" என்றாள் சாந்தா. "விரதம்னு சொல்லு கண்ணு."

நிலா அம்மாவை முறைத்துவிட்டு மொழிபெயர்த்தாள். சொலாஞ்ச் என் பக்கம் கேக்கை நகர்த்தினார்.

"அவருக்கும்தான்" என்றாள் சாந்தா.

பெர்னார் என்னை இரக்கத்தோடு பார்த்தார். மாடு வளர்ப்பவருக்கு வாயில்லா ஜீவனின் முகம் தெரியும்.

பண்ணை வீட்டில் தங்கவும் கூடாது என்பதால் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அங்கே எங்கள் ரைஸ் குக்கரின் பிளக் சுவரில் நுழையவில்லை. கொண்டுபோன அடாப்டரில் நுழைத்தபோது அமெரிக்கக் குக்கர் இரட்டிப்பு வோல்டேஜ் தாங்காமல் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அங்கே இங்கே தேடி ஒரு பாத்திரத்தில் சோறு வடித்து, பருப்புப் பொடி போட்டுச் சாப்பிட்டோம். பசிக்கு அது அமிர்தம்தான். ஆனால் மூக்குக்குள் ஹேசல்நட் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விசாரிக்கும் படலம். "டீக்கடையில ரெண்டு வார்த்தை கேட்டா குடும்பத்தோட வண்டவாளம் தெரிஞ்சுரும்" என்று சாந்தா பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். விசாரிக்க ஊரில் ஆள் வேண்டுமே. கிராமத்தில் ஒரே ஒரு காபிக்கடை, அது மூடியிருந்தது. ஊராட்சி அலுவலகம் வாரத்தில் சில காலைகள் மட்டும் திறக்குமாம், அன்றைக்கு இல்லை. ரொட்டிக்கடையே கிடையாது. பதிலாக ஒரு இயந்திரம் நின்றது. காசு போட்டால் நீளமான ரொட்டி கீழே விழுந்தது. சாந்தா அந்த இயந்திரத்தை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். "இதுகிட்ட போய் என்னத்தக் கேக்கறது?"

ரொட்டியைக் கடித்துக்கொண்டே நடந்தோம். அது ஊர் ரொட்டி, அந்த வீட்டு ரொட்டி இல்லை என்பதால் சட்டப்படி செல்லும். தேவாலயத்துக்கு எதிரே முதல் உலகப் போரில் செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருந்தார்கள். ஊரில் இப்போது இருக்கும் வீடுகளைவிடக் கல்லில் இருந்த பெயர்கள் அதிகம். ஒரே குடும்பப் பெயர் நாலு தடவை வந்தது. சாந்தா அதை விரலால் தடவிவிட்டு நடந்தாள்.

ஒருவழியாக ஒரு ஆள் அகப்பட்டார். வேலியை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். முதலில் 'பொன்ழூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாமல் ஆரம்பித்தால் அந்த ஊரில் நாம் கல்லுக்குச் சமம் என்று நிலா சொல்லியிருந்தாள். சாந்தாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம பக்கம் வாங்கன்னு சொல்லாம பேச்செடுப்பமா? அதேதான்." பொன்ழூர் சொல்லி, மொழிபெயர்க்கும் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, இந்தப் பெர்னார் குடும்பம் எப்படி என்று கேட்டாள்.

பெரியவர் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு நிறையப் பேசினார். போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேடைத் தமிழில் அறிவித்தது: "அவர்கள் நேர்மையான மக்கள். கால்நடைகளை அடிப்பதில்லை. ஆயினும் அந்தப் பெண்மணி மிகுந்த பிடிவாதம் உடையவர்."

"பிடிவாதமா?" சாந்தாவின் முகம் வந்த பிறகு முதல்முறையாக மலர்ந்தது. "பரவாயில்ல. ஆளு இருக்குது."

குடிப்பழக்கம் உண்டா, பங்காளிச் சண்டை உண்டா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். பெரியவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் நீங்கள் யார் என்று மரியாதைக்குக் கேட்டோம். "நான் பெர்னாரின் பெரியப்பா மகன்" என்றது போன்.

சாயங்காலத்துக்குள் செய்தி பண்ணைக்குப் போய், நிலா எங்கள் வாடகை வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். "அம்மா, அவங்களுக்கு சர்க்கரை இருக்கான்னு ஊர்ல கேட்டீங்களா?"

"கேக்காம? நாளைக்குப் பேரம்பேத்திக்கு வந்தா?"

"ஏன் இப்படிக் கேக்கறாங்கன்னு சொலாஞ்ச் என்கிட்ட கேட்டாங்க. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். விசாரிக்கிறது, வீடு பாக்கிறது, கை நனைக்கிறது. விரதம்னு பொய் சொல்லிட்டே இருக்க என்னால முடியல."

சாந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவிய என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. 'ஓகோ'ன்னு மட்டும் சொன்னாங்க."

அந்த 'ஓகோ' எங்கள் மூவரையும் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை காலை பெர்னார் தன் வண்டியில் எங்களை மாவட்டம் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனார். சொலாஞ்ச் வரவில்லை. லூக்கா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான், சாந்தாவின் தமிழை நான் அவனுக்கு ஆங்கிலமாக்கினேன். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு நாட்டை மாவட்டங்களாகப் பிரித்தபோது, எந்த மூலையில் இருப்பவனும் குதிரையேறி ஒரே நாளில் மாவட்டத் தலைநகரத்தை எட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டார்களாம். இந்த மாவட்டத்துக்கு இங்கே ஓடும் ஆற்றின் பெயரையே வைத்துவிட்டார்கள். தெற்கே மேட்டுநிலம். அதன் பெயரைக் கேட்டால் ஆயிரம் பசுக்கள் என்று தோன்றும், உண்மையில் ஆயிரம் ஊற்றுகள் என்று அர்த்தம் சொல்பவர்களும் உண்டு என்றார். எனக்குப் பசுக்கள்தான் தெரிந்தன.

ஓபூசோன் என்ற ஊரில் பெரிய பெரிய சுவர்த் திரைகளைத் தறியில் நெய்கிறார்கள். நெய்பவர் திரையின் பின்பக்கத்தைப் பார்த்து நெய்கிறார். முன்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று அடியில் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்கிறார். சாந்தா ஒரு திரையின் முன் ரொம்ப நேரம் நின்றாள். "வேலைப்பாடு நல்லாத்தான் இருக்குது. இதுக்கு முந்தானை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். லூக்கா அதை மொழிபெயர்க்க முயன்று கைவிட்டான்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது பெர்னார் சொன்ன கொத்தனார் கதை. இந்த மண்ணில் கல் விளையும் அளவு தானியம் விளையாது. அதனால் பல தலைமுறைக்கு இந்த மாவட்டத்து ஆண்கள் வசந்த காலம் வந்ததும் கூட்டம் கூட்டமாகப் பாரிஸுக்கு நடந்தே போனார்கள். கொத்து வேலை. அந்தப் பெரிய நகரத்தின் பாதிச் சுவர் எங்கள் ஆட்கள் எழுப்பியது என்று பெர்னார் வழக்கமான ரகசியக் குரலில் பெருமைப்பட்டார். ஒரு அறையில் பத்துப் பேர் படுத்து, குளிர்காலம் வந்ததும் ஊர் திரும்புவார்கள். அதுவரை பண்ணை, மாடு, பிள்ளை எல்லாம் பெண்கள் கணக்கு. அப்புறம் ரயில் வந்தது. போனவர்கள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊரில் ஜன்னல்கள் மூட ஆரம்பித்தது அப்போதுதான்.

"அடப்பாவமே, இது ஆன்சைட் இல்லீங்களா?" என்றாள் சாந்தா.

அதேதான். கம்பெனி வெளிநாட்டு வேலைக்கு அனுப்பி ஜெர்சி சிட்டியில் நான் முதலில் வந்து இறங்கியபோது நாங்கள் ஆறு பேர் ஒரு அபார்ட்மென்ட், எல்லோரும் வங்கிகளுக்கு ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்பவர்கள், முறைவைத்து சாம்பார். இரண்டு வருடத்தில் திரும்புவதாகச் சொல்லித்தான் வந்தோம். அந்த ஆறு பேரில் ஒருவனும் திரும்பவில்லை. இதைப் பெர்னாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருந்த மகனைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார்.

பண்ணைக்குத் திரும்பியதும் மாடு பார்க்கப் போனோம். செம்பழுப்பு நிறம், உருண்டு திரண்ட உடம்பு, அமைதியான கண். சாந்தா மாட்டுக்கார வீட்டுப் பெண். பிரிட்ஜ்வாட்டர் வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தொழுவத்துக்குள் போனாள், ஒரு மாட்டின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெர்னார் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார்.

"நேரத்துக்கு எத்தன லிட்டர் கறக்குமுங்க?"

லூக்கா தரையைப் பார்த்தான். "இது பால் மாடு இல்ல ஆன்ட்டி."

"அப்புறம்?"

 மாடு சாந்தாவின் சேலைத் தலைப்பை மென்றுகொண்டிருந்தது. நாங்கள் கோழி, ஆடு சாப்பிடுகிறவர்கள்தான், ஆனாலும் மாட்டிறைச்சி வேறு விஷயம். தலைப்பை மெதுவாக உருவிக்கொண்டு சாந்தா வெளியே வந்து கால் கழுவினாள். நிலா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். 

அன்று முழுக்க சொலாஞ்ச் எங்களுக்கு ஒரு கடலைகூட நீட்டவில்லை. தண்ணீர் வைத்தார், காபி வைத்தார், தூரப் போய்விட்டார். மற்றவர்கள் சாப்பிடும்போது எங்களைத் தோட்டத்து பெஞ்சில் மரியாதையாக உட்கார வைத்தார். இதைத்தானே கேட்டோம் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

"பாத்தீங்களா?" என்றாள் சாந்தா வரும் வழியில். "ஒரு வார்த்த, சாப்புடுங்கன்னு ஒரு வார்த்த கேக்கல."

"நீதானே சாப்பிட மாட்டேன்னு சொன்னே?"

"நான் மாட்டேன்னு சொல்லுவேன். அவிய கேக்கோணுமில்ல?"

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. மறுநாள் எங்களுக்கு விமானம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வேலி வெட்டிய பெரியவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நீள மேஜை, வெள்ளைத் துணி, நடுவில் சக்கரம் அளவுக்கு ஒரு பதார்த்தம். உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி, பூண்டு போட்டு, மாவு உறைக்குள் மூடிச் சுட்டு, மேலே ஓட்டை போட்டு உள்ளே கெட்டிப் பாலாடையை ஊற்றியிருந்தார்கள். வழக்கமாக இறைச்சியும் வைப்பார்களாம். எங்களுக்காக அன்றைக்கு மேஜையிலேயே இறைச்சி கிடையாது. மாட்டுப் பண்ணையில், ஞாயிற்றுக்கிழமையில். பெர்னாரின் தம்பி அதைத் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

சாந்தாவும் நானும் மரியாதைக்கு உட்கார்ந்தோம். எல்லோருக்கும் பரிமாறினார்கள். சொலாஞ்ச் எழுந்து வந்து சாந்தாவின் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் என் தட்டை எடுத்தார். அப்புறம் தன் இடத்துக்குப் போய்த் தன் தட்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஏதோ சொன்னார். 

நிலாவின் முகம் வெளுத்திருந்தது. "அம்மா... அவங்க சொல்றாங்க, 'உங்க வழக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு. சம்மதம் இல்லாம சாப்பிடக் கூடாது. சரிதான். அப்படின்னா நானும் சாப்பிடக் கூடாது. எனக்கும் இன்னும் சம்மதம் இல்ல. என்னை யாரும் கேக்கவே இல்லையே.'"

சாந்தாவுக்கு இது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லலாம் என்று வந்தவளுக்கு, மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்வார்கள் என்று தோன்றவே இல்லை.

"எம்பொண்ணுக்கு என்ன கொற?" என்றாள். குரல் ஏறியது. "என்ன கொறைன்னு கேளு. படிப்பில்லையா? அழகில்லையா? இப்படி ஒரு புள்ள இவியளுக்குத் தவம் கெடந்தாக் கெடைக்குமா? கேளு கண்ணு."

"நான் எப்படிம்மா என்னைப் பத்தி நானே கேக்கறது?"

"அட, கேளுங்கறேன்."

நிலா கேட்டாள். சொலாஞ்ச் தலையை ஆட்டினார். நேராக சாந்தாவைப் பார்த்துப் பேசினார், நிலா ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தாள். "பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்ல. அவதான் பிரச்சனையே. இவ இல்லேன்னா என் மகன் என்னைக்காவது திரும்பி வருவான்னு நினைச்சிட்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் போன் பண்றான். அடுத்த கோடைக்கு வரேங்கிறான். கல்யாணம் ஆயிட்டா அதுவும் வராது. நீங்க அவனை உங்க பக்கம் வெச்சுக்குவீங்க."

"நானா?" சாந்தா என்னைப் பார்த்தாள், நிலாவைப் பார்த்தாள், கடைசியில் சொலாஞ்சையே பார்த்தாள். "எங்கூட எங்கீங்க இருக்கறாங்க? இவ ஃப்ரீமான்ட்ல இருக்கறா. அங்கிருந்து நியூஜெர்சிக்கு ஒரே ஃபிளைட். அதுக்கே, 'பாக்கலாம்மா, வேல இருக்குது'ங்கறா. உங்க பையனாச்சும் ஞாயித்துக்கெழமை கூப்புடறான். இவளுக்கு நான் கூப்புட்டா, மீட்டிங்ல இருக்கேன்னு மெசேஜ் வருது."

நிலா வாயை மூடிக்கொண்டாள். "இதை நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லு" என்றேன் நான்.

சொன்னாள். சொலாஞ்ச் கட்டிய கையை அவிழ்த்தார். மேஜைமேல் சாய்ந்து ஒரு கேள்வி கேட்டார், இந்த முறை லூக்காவிடம். கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே இருப்பதாக உத்தேசம்? லூக்கா தாடியைச் சொறிந்தான். ஃப்ரீமான்ட்டில்தான் என்றான். வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாந்தா பயந்த காட்டுக்கும் நிலா வரப்போவதில்லை, சொலாஞ்ச் பயந்த நியூஜெர்சிக்கும் லூக்கா வரப்போவதில்லை. இருவரும் இத்தனை நாள் ஒருவரோடொருவர் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள், கயிற்றில் ஒன்றுமே கட்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது பேரம். மொழிபெயர்ப்பாளர், யாருடைய வாழ்க்கையை வைத்துப் பேரமோ அவளேதான். குளிர்காலத்தில் கொத்தனார்கள் ஊர் திரும்பிய மாதிரி கிறிஸ்துமஸுக்கு இவர்கள் க்ரோஸுக்கு வர வேண்டும் என்றார் சொலாஞ்ச். "நியாயமுங்க. வந்தே ஆகோணும்" என்றாள் சாந்தா. பொங்கல் பிரிட்ஜ்வாட்டரில் என்றாள். சொலாஞ்ச் தேதி கேட்டுக்கொண்டு தலையாட்டினார். முதல் பிரசவம் பெண்ணின் அம்மா வீட்டில் என்றாள் சாந்தா.

"அம்மா, நான் கர்ப்பமாவே இல்ல."

"நீ மொழிபெயர்ப்பு மட்டும் பண்ணு."

பிரசவம் அங்கே என்றால் குழந்தையின் முதல் கோடை இங்கே, இந்த மாடுகளோடு என்றார் சொலாஞ்ச். சாந்தா யோசித்தாள். பேரக்குழந்தையின் பெயர் சூட்டிய மாடு ஒன்று இருக்க வேண்டும், அதை விற்கக் கூடாது என்றாள்.  பெர்னார் அவசரமாகச் சம்மதித்தார். அவருக்குப் பசி.

எல்லாம் முடிந்தது. ஆனால் ஒருவரும் சாப்பிடவில்லை. வீட்டுக்காரம்மா ஃபோர்க்கை எடுக்காமல் மற்றவர்கள் எடுக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அவரோ சாந்தாவுக்காகக் காத்திருந்தார். பாலாடை மேலே ஏடு கட்டிக்கொண்டிருந்தது. அத்தனை தலையும் என் மனைவியின் பக்கம் திரும்பியிருந்தது. நிலா மட்டும் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாந்தா எழுந்தாள். அடுப்படிக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, ஈரத்தைத் துடைக்காமல் வந்து உட்கார்ந்தாள். சொலாஞ்ச் எழுந்து தட்டைத் திரும்ப வைத்து ஒரு பெரிய துண்டை வெட்டிப் போட்டார். சாந்தா அதைக் கையால் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்றாள். 

"உப்பு பத்தலீங்க" என்றாள் என் பக்கம் சாய்ந்து.

சொலாஞ்ச் நிலாவைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று கேட்டார். நிலா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சம்மதம்னு சொல்றாங்க."

சொலாஞ்ச் தன் ஃபோர்க்கை எடுத்தார்.